முகாமில் ஆடிய பொம்மைகள்

திருப்பூரில் கற்ற பனியன் தொழில் என்னை டாக்காவுக்குக் கொண்டுபோனது. அங்கே எங்கள் தொழிற்சாலையின் சாம்பிள் பிரிவில் இருந்த ஓர் அக்கா, சிறுமியாக இருந்தபோது வங்கதேசத் தொலைக்காட்சியின் 'நொதுன் குரி' போட்டியில் பாடியவர். ஓவியரும் பொம்மலாட்டக் கலைஞருமான முஸ்தபா மொனோவாரின் பெயரை முதலில் அந்த அக்காவிடம்தான் கேட்டேன். 1976இல் அந்தச் சிறுவர் நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தவர் அவர்தானாம். பெயரைச் சொல்லும்போதே அக்காவின் குரலில் ஒரு குழைவு வந்துவிடும்.

பிறகு நானாகவே தேடிப் படித்தேன். டாக்காவை அடுத்த நாராயண்கஞ்சில் பள்ளி மாணவராக இருந்தபோதே, வங்க மொழியையும் பாகிஸ்தானின் ஆட்சிமொழியாக்கக் கோரிய 1952 மொழிப் போராட்டத்துக்குப் படம் வரைந்து சிறை சென்றவர். 1959இல் கல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறி, டாக்கா கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1964 டிசம்பரில் டாக்காவில் தொலைக்காட்சி நிலையம் வந்ததும் கல்லூரி வேலையை விட்டுவிட்டு அங்கே போனார். ஆனால் கற்பிப்பதை அவர் விடவேயில்லை என்பது என் எண்ணம். 'மொனேர் கொதா' நிகழ்ச்சியில் ஆண்டுக்கணக்கில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். பாருல் என்ற பொம்மைச் சிறுமியும் அவர் படைப்புதான். ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கையாக வங்காளப் பாட்டிமார் கதையில் வருகிறாளே, அந்தப் பாருல்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 1971. வங்கதேச விடுதலைப் போரில், பாகிஸ்தான் ராணுவத்துக்குத் தப்பி ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்த ஆண்டு. முகாம்களில் காலரா. சோற்றுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற அந்தக் குழந்தைகளிடம் இந்த மனிதர் பொம்மைகளைக் கொண்டுபோனார். அரக்கனும் துணிந்த விவசாயியும் வரும் கதைகளை ஆட்டிக் காட்டினார். பசியில் இருப்பவனுக்குப் பொம்மலாட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கேட்க மாட்டேன். வீட்டை எரித்துத் தன்னைத் துரத்தியவன் ஒரு கந்தல் பொம்மையாகத் தோற்று விழுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, அவன் தோற்கக்கூடியவன் என்று தெரிந்துவிடுகிறது. அதைச் சோறு சொல்லித்தராது.

2004இல் அவருக்கு ஏகுஷே பதக் விருது கிடைத்தது. மொழிப் போராட்டத் தியாகிகளின் நினைவாகத் தரப்படும் விருது அது. சிறை சென்ற அந்தப் பள்ளி மாணவருக்கு அது போய்ச் சேர்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

டாக்காவில் இருந்தவர்கள் யாராவது அவருடைய பொம்மலாட்டத்தை நேரில் பார்த்திருந்தால் அவசியம் எழுதுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.