ஓய்வுக்கு அப்புறம் கம்யூனிட்டி காலேஜ் டிரஸ்டி தேர்தலில் நிற்கலாமா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:

வணக்கம். கலிபோர்னியாவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் 27 வருடம் கெமிஸ்ட்ரி எடுத்துவிட்டுப் போன ஜூனில் ஓய்வு பெற்றேன். எங்கள் பகுதி கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) ஆட்சிக் குழுவில் ஒரு இடத்துக்கு, அதாவது டிரஸ்டி பதவிக்கு, வரும் நவம்பரில் தேர்தல். பழைய சக ஆசிரியர்கள் இருவர் என்னை நிற்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். மகள் "அரசியலெல்லாம் எதுக்குப்பா" என்கிறாள்.

டிரஸ்டிக்கு நிஜமாக என்ன வேலை? மாதம் ஒரு கூட்டத்துக்குப் போய்க் கை தூக்கிவிட்டு வருவதா? என்னிடம் படித்த பிள்ளைகள் நிறைய பேர் அந்தக் காலேஜுக்குத்தான் போனார்கள். வகுப்பறை தெரிந்தவன் என்பது அங்கே ஏதாவது உதவுமா?

---

இரண்டாம் தவணை:

சார், நான் 31 வருடம் கணக்கு டீச்சர். இப்போது வேறொரு காலேஜ் மாவட்டத்தில் டிரஸ்டி. தவணை நான்கு வருடம். எனக்கு இது இரண்டாவது.

ஜெயித்ததும் ஊருக்கு ஃபோன் போட்டு டிரஸ்டி ஆகிவிட்டேன் என்றேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கோயிலுக்குடி?" அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் அது அவ்வளவு தப்பான கேள்வி இல்லை. தர்மகர்த்தா கணக்குக் கேட்கலாம், மடப்பள்ளிக்குள் போய் உப்புப் பார்க்கக் கூடாது. நான் போய் உப்புப் பார்த்தேன்.

முதல் வருடம் நடந்தது. பழைய மாணவன் ஒருவன், பகலில் கிடங்கில் வேலை, இரவு 7 மணிக்கு ஆல்ஜீப்ரா வகுப்பு. கணக்குச் சந்தேகம் கேட்கும் மையத்தை 6 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள் என்று கடையில் பார்த்தபோது சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை அந்த மையத்தை நடத்துபவருக்கு நேராக ஃபோன் அடித்தேன். பள்ளியில் அப்படித்தானே செய்வோம்? சாயங்காலம் காலேஜ் தலைவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. "நீங்கள் விசாரித்தீர்கள், அவர் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு அட்டவணையை மாற்றத் தொடங்கிவிட்டார். பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

ஆட்சிக் குழுவுக்குக் கீழே நேரடியாக வேலை செய்பவர் ஒரே ஒருவர், அந்தத் தலைவர். மற்ற எல்லாரும் அவருக்குக் கீழே. தனி டிரஸ்டிக்கு அதிகாரம் என்று எதுவும் கிடையாது; பொதுக் கூட்டத்தில் பெரும்பான்மை ஓட்டு விழுந்தால்தான் உண்டு. அப்புறம் அதே கேள்வியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி, மாலை நேர மாணவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எந்தெந்தச் சேவை எத்தனை மணி வரை என்று சபையில் கேட்டேன். எட்டு மாதம் ஆயிற்று. வாரத்தில் இரண்டு நாள் 9 மணி வரை திறந்தார்கள். அந்தப் பையன் அதற்குள் பாடத்தையே விட்டுவிட்டான். அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்தது பேச்சுக் கட்டுப்பாடு. உள்ளூர் ஆட்சிக் குழுக்கள் பொதுமக்கள் முன்னால்தான் கூட வேண்டும் என்று 1953இல் வந்த கலிபோர்னியாவின் பிரவுன் சட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை ஒட்ட வேண்டும், நிரலில் இல்லாததை விவாதிக்கக் கூடாது. எங்கள் குழு ஐந்து பேர். மூன்று பேர் மின்னஞ்சலில் ஒரு விஷயத்தைப் பேசினால் அதுவே சட்டவிரோதக் கூட்டம். ஒருவரிடம் சொல்லி அவர் இன்னொருவரிடம் சொன்னாலும் அதே கதைதான். ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே முடிவெடுத்துப் பழகிய நமக்கு இது கஷ்டம்.

பட்ஜெட்டில் ஐம்பது சதவீத விதி என்று ஒன்று. கல்விச் செலவில் பாதியாவது வகுப்பெடுக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போக வேண்டும். டீச்சராக இருந்தால் கை தட்டுவோம். ஆனால் கவுன்சிலரும் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) நூலகரும் அந்தப் பாதியில் சேரமாட்டார்கள். கூடுதலாக ஒரு கவுன்சிலர் எடுக்க ஓட்டுப் போடும்போது கடிக்கும்.

வகுப்பறை அனுபவம் உதவுமா? உதவும், ஏமாற்றவும் செய்யும். பிள்ளைகளை அடிப்படைப் பாடங்களில் நிறுத்திவைப்பதைக் குறைக்க 2017இல் ஏபி 705 என்ற மாநிலச் சட்டம் வந்தபோது, அடிப்படைக் கணக்குத் தெரியாத பிள்ளையை நேராகப் பல்கலைக்கழக மாற்றலுக்கு உரிய கணக்கில் உட்கார வைப்பதா என்று கொதித்தேன். ஒரு நாள் ராத்திரி காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பழைய முறையில் அந்தக் கணக்குக்கு மூன்று படி கீழே சேர்க்கப்பட்ட பிள்ளை, அதையும் சேர்த்து நான்கு பாடங்கள் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் பத்துக்கு ஏழு பேர் தாண்டினாலும், நூறு பேரில் கடைசியில் மிஞ்சுவது 24. கணக்கு டீச்சர் எனக்கு இந்தப் பெருக்கல் முப்பது வருடமாகத் தோன்றவில்லை. கூடவே துணை வகுப்பு தராமல் நேராகத் தள்ளுவது இன்றும் பிடிக்கவில்லை. அதையும் சபையில்தான் சொல்கிறேன்.

---

ஹைவே லெக்சரர்:

நான் இரண்டு மாவட்டங்களில் பகுதி நேர ஆசிரியர். ஒரு மாவட்டத்தில் முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள், அதனால் பாதி நாள் காரில்தான். ஒரு காலேஜில் ஓய்வு பெற்ற ஆசிரியர் டிரஸ்டியாக வந்தபோது கொண்டாடினோம். எங்கள் வேலை நேரம், மருத்துவக் காப்பீடு பற்றிப் பேச எழுந்தால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நிற்பதாக இருந்தால், பொதுமக்கள் பேசும் அந்த மூன்று நிமிடமாவது முகத்தைப் பாருங்கள் சார். பதில் சொல்லச் சட்டம் பெரிதாக இடம் தராது என்பது தெரியும்.

---

எஸ்எஃப் பழைய மாணவி:

டிரஸ்டி பதவியைச் சும்மா அலங்காரம் என்று நினைப்பவர்கள் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் கதையைப் படிக்க வேண்டும். 2012இல் அங்கீகாரத்துக்கு ஆபத்து. 2013இல் அங்கீகாரம் தரும் ஆணையம் அது ரத்தாகும் என்று அறிவித்ததும், மக்கள் தேர்ந்தெடுத்த குழுவை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மாநிலம் தனி ஆளை நியமித்தது. அங்கீகாரம் உறுதியானது 2017 ஜனவரியில்தான்.  நிதியும் நிர்வாகமும்தான் பெரிய பிரச்சினை. அந்த வருடங்களில் பயந்துபோய் வேறு காலேஜுக்கு மாறியவர்களில் நானும் ஒருத்தி.

---

கெமிஸ்ட்ரி வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், இரண்டு சின்னக் கேள்வி. அதே காலேஜில் மாலையில் ஒரு லேப் வகுப்பு எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இரண்டும் முடியுமா? வேட்பு மனு எப்போது?

---

இரண்டாம் தவணை:

முடியாது சார். அந்த மாவட்டத்தில் சம்பளம் வாங்கினால் பதவி ஏற்கும் முன்னால் வேலையை விட வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் எடுக்கலாம்.

மனு, தேர்தலுக்கு 113 நாள் முன்பிருந்து 88 நாள் முன்பு வரை. அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம். இப்போது இருப்பவர் மனுப் போடாவிட்டால் மற்றவர்களுக்கு இன்னும் ஐந்து நாள். உங்கள் வீடு அந்தத் தொகுதிக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெரு நடுவில் கோடு போகும்.

வாக்காளர் கையேட்டில் வேட்பாளர் அறிக்கை பொதுவாக 200 சொல். அச்சுச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். எனக்கு அதுதான் பெரிய செலவு. 27 வருடத்தை 200 சொல்லில் இன்றைக்கே எழுதிப் பாருங்கள். நான் முதலில் எழுதியது 640. எழுதியதை இங்கே போடுங்கள், நான் வெட்டித் தருகிறேன்.