ஐந்தாம் வகுப்பு முடித்த இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்கலாமா?

சாத்தனூர்க்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். செங்கத்துக்கும் சாத்தனூர் அணைக்கும் இடையில் எங்கள் ஊர். ஊர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்த பதினெட்டுப் பேர் இன்று சென்னை, ஓசூர், பெங்களூரு என்று பிரிந்து வேலையில் இருக்கிறோம். பொங்கலுக்கு ஊரில் கூடியபோது, ஆளுக்கு மாதம் 500 ரூபாய் போட்டு வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடுவது என்று முடிவெடுத்தோம். மாதம் 9,000 ரூபாய், ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் வரும்.

இந்த ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளை ஊர்ப் பள்ளி ஆசிரியர் காட்டினார். இருவரும் கெட்டிக்காரர்கள். ஒருத்திக்கு அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். இன்னொருத்தியின் பெற்றோர் பொங்கல் கழிந்ததும் செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கிறாள். இருவரையும் செங்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணத்தை நாமே ஏற்றுக்கொள்ளலாம் என்று குழுவில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். கட்டணமும் வேனும் சேர்ந்து ஒருத்திக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய் ஆகும். பள்ளியில் பேசிவிட்டோம். இரண்டு நண்பர்கள் மட்டும் தயங்குகிறார்கள்.

இப்படி உதவி செய்தவர்களும் உதவி பெற்றுப் படித்தவர்களும் இருந்தால் வழி சொல்லுங்கள். ஜூனுக்குள் முடிவு செய்யவேண்டும்.


வரவுசெலவு

நல்ல காரியம். பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதினெட்டு நண்பர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து உதவுவதற்கு அறக்கட்டளை தேவையில்லை. வரிவிலக்கு வேண்டுமென்றால்தான் பதிவும் 80ஜி ஒப்புதலும் வேண்டும். அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த நன்கொடைக்கு விலக்கு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி சலுகையே இல்லை. உங்களில் பலர் புதிய முறைக்கு மாறியிருப்பீர்கள். ஆகவே முதல் ஆண்டு அந்த வேலையில் இறங்கவேண்டாம். இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று ஒரு கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை வரவும் செலவும் எல்லோருக்கும் போகட்டும்.


கணக்கு டீச்சர் (ஓய்வு)

தம்பி, சேர்க்கைப் பணம் இன்னும் கட்டவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். நான் இதே மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகவும் பிறகு தலைமை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள். தயங்குகிற அந்த இரண்டு நண்பர்கள் பக்கம்தான் நான்.

தமிழ்நாட்டில் இன்று பல உதவிகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்துக்கும் அதே நிபந்தனைதான்; கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அந்தப் பெண்ணின் கணக்குக்கே வரும். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் அதில் பிற்பாடு சேர்த்தார்கள். மெட்ரிக் பள்ளியில் பணம் கட்டிப் படித்தவளுக்கு இரண்டுமே கிடையாது. அவள் வீடு எவ்வளவு ஏழை வீடு என்பதோ, பணத்தை யார் கட்டினார்கள் என்பதோ அந்த விதிக்குப் பொருட்டில்லை.

இதை நேரில் பார்த்த வருத்தத்தில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சில நல்ல மனிதர்கள் அவளை ஆறாம் வகுப்பில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் பணம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு வீட்டுக் கடன், மற்றொருவர் வெளிநாடு போய்விட்டார். எட்டாம் வகுப்பில் கட்டணம் பாக்கி விழுந்தது. வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து பாக்கியைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து படித்து, பிறகு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய், பிளஸ் டூவில் கணக்கில் 96 எடுத்தாள். கவுன்சலிங்கில் 7.5 பிரிவில் அவள் பெயர் வரவே இல்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த அவள் தோழிகள் இரண்டு பேர் கட்டணமில்லாமல் பொறியியல் சேர்ந்தார்கள். உதவியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபமில்லை. அவர்களுக்கு அந்த விதியைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

ஏழு ஆண்டுகளுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 6,30,000 ரூபாய் ஆகும், அதுவும் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் இருந்தால். அவ்வளவு பணத்தைக் கொட்டி இரண்டு பிள்ளைகளின் உரிமையைக் கைவிடவேண்டாம்.

இன்னொன்று. தகப்பனார் இல்லாத பிள்ளை என்றீர்களே, அவர் எப்படி இறந்தார்?


சாத்தனூர்க்காரன்

அம்மா, இந்த விதி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சேர்க்கைப் பணம் இன்னும் கட்டவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் இருக்கிறதே, அந்த வழியில் சேர்த்தால் சலுகை போகாது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது முடியுமா?

அந்தப் பிள்ளையின் அப்பா லாரி மோதி இறந்தார், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு.

எங்கள் தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அரசு மேல்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலையில் பஸ் ஏழு மணிக்கு ஒன்று, அதை விட்டால் பத்தரைக்கு. பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் வீட்டில் ஆங்கில வழியில் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?


முதல் தலைமுறை

நான் 2021இல் 7.5 ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவள். கல்விக் கட்டணமும் விடுதியும் அரசு பார்த்துக்கொண்டது. ஆனாலும் சேர்க்கை ஆணை கையில் கிடைத்த வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஊரிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருக்கு பஸ் கட்டணம், படுக்கை, வாளி, நாலு செட் துணி, வரைபடக் கருவிகள், ஷூ, கைச்செலவு. அதற்கு முன்பே சான்றிதழ்களுக்காக அப்பா கூலியை விட்டுவிட்டு அலைந்திருந்தார். என் தமிழாசிரியர் தன் நண்பர்களிடம் 8,000 ரூபாய் திரட்டிக் கொடுத்தார். அந்தப் பணம் இல்லையென்றால் நான் போயிருக்கமாட்டேன். ஒரு வருடம் கழித்துப் போகலாம் என்று அம்மா சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஒரு வேண்டுகோள் உண்டு. பத்தாம் வகுப்பில் ஓர் அமைப்பு எங்களுக்கு நோட்டும் பையும் கொடுத்தது. மேடையில் ஏற்றி, வீட்டு நிலைமையை ஒலிபெருக்கியில் சொல்லி, படம் எடுத்தார்கள். படம் ஊர் முழுக்கப் போனது. அப்பா குடிப்பார் என்பது அதுவரை என் வகுப்பில் நிறையப் பேருக்குத் தெரியாது. நீங்கள் உதவும் பிள்ளைகளை அப்படி நிறுத்திவிடாதீர்கள். குழுவில் படம் போடவேண்டும் என்று யாராவது கேட்டால் மதிப்பெண் பட்டியலை மட்டும் காட்டுங்கள். அதுகூட அந்தப் பிள்ளை சம்மதித்தால்தான்.


கணக்கு டீச்சர் (ஓய்வு)

மகளே, நீ எழுதியதை இந்தத் தம்பியின் குழுவில் பதினெட்டுப் பேரும் படிக்கவேண்டும்.

தம்பி, ஒவ்வொன்றாக வருகிறேன். 25 சதவீத இடம் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் நுழைகிறவர்களுக்குத்தான். ஆறாம் வகுப்பில் அந்த வழி இல்லை.

லாரி விபத்து என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பீடு செய்யும் திட்டம் நம் பள்ளிக்கல்வித் துறையிலேயே இருக்கிறது. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். அந்த அம்மாவிடம் இறப்புச் சான்று, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்காது. அதை வாங்க உங்களில் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அவரோடு போகவேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவரால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வாசலில் காத்திருக்க முடியாது. பணம் கொடுப்பதைவிட இதற்கு ஒரு ஆள் வருவது பெரிய உதவி.

ஐந்து கிலோமீட்டருக்கு சைக்கிள். அரசு இலவச சைக்கிள் பிளஸ் ஒன் வகுப்பில்தான் தருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நடக்கிற, பஸ்ஸை விடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் வருகைப் பதிவேட்டில் பார்த்தவள். பெண் பிள்ளைகள் படிப்பை விடுவதும் அந்த ஆண்டுகளில்தான். இரண்டு சைக்கிளை ஜூன் மாதமே வாங்கிக் கொடுங்கள். இருவரும் சேர்ந்து போகட்டும். அதே ஊரிலிருந்து போகிற மூத்த பெண்களோடு சேர்த்துவிடுங்கள்.

ஆங்கில வழிப் பிரிவு அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது. அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் வீட்டாரிடம் தைரியமாகப் பேசுங்கள். அரசு வேலைவாய்ப்பில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010இலிருந்து இருக்கிறது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்கவேண்டும். பெற்றோர் கேட்பது பிள்ளை ஆங்கிலத்தில் பேசவேண்டும், எழுதவேண்டும் என்பது. அது நியாயமான ஆசை. அதற்கு மாலை வகுப்பு போதும்.

கணக்கு ஆசிரியர் இடம் காலி என்பதுதான் என்னை உறுத்துகிறது. தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிகமாக ஒருவரை நியமிக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படி நியமித்தால் மதிப்பூதியத்தில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கலாம். முடியாது என்றால், ஊரில் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் நிச்சயம் இருப்பார்கள். ஒருவருக்கு மாதம் 3,500 ரூபாய் கொடுத்து, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மாலையில் ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதவேண்டும். மனத்திறனில் 90, பாடத்தில் 90 என்று 180 கேள்விகள். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். இதுவும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிறவர்களுக்குத்தான். தேர்வானபிறகும் ஒவ்வொரு ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்கவேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கவேண்டும். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கவேண்டும். தேர்வில் வென்றுவிட்டு, இன்ஷியல் மாறியதால் பணம் வராமல் நின்றுபோன பிள்ளைகள் என் பள்ளியில் இருந்தார்கள். உங்களில் கணினி வேலையில் இருக்கும் ஒருவர் இதை மட்டும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

சூளைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு ஜனவரி முதல் மே வரைதான் ஆபத்து. பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனால், வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லாவிட்டால், பெற்றோர் வந்து பிள்ளையையும் சூளைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அவர்கள் மீது குறை சொல்ல முடியாது. முன்பணம் வாங்கியவர்கள் பாதியில் திரும்ப முடியாது, பிள்ளையைத் தனியாக விடவும் முடியாது. அந்த ஐந்து மாதமும் பாட்டி வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்கு மளிகை போகட்டும். யாராவது வாரம் ஒருமுறை பாட்டியோடு தொலைபேசியில் பேசுங்கள்.

மாலை வகுப்புக்குப் பத்து மாதத்துக்கு 35,000, சைக்கிளுக்கு 12,000, பாட்டிக்கு 10,000. ஆக 57,000 ரூபாய். மீதி 51,000 ரூபாயை மேலே அந்த மகள் சொன்ன செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பெண் பணமோ கல்வி உதவித்தொகையோ வங்கிக்கு வருவதற்கு முன்னால் வருகிற செலவு அது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை அந்த நேரத்தில்தான் நாம் இழக்கிறோம். உங்கள் பெண்கள் பிளஸ் டூ முடிக்க ஏழு ஆண்டுகள் ஆகும். இந்த மே மாதமே தேர்வு முடிவு வந்து நிற்கப்போகிற பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர் என்று மேல்நிலைப் பள்ளியில் கேட்டுப் பட்டியல் வாங்குங்கள். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய், பொறியியல் கவுன்சலிங்குக்கு 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. அந்தத் தொகைகூட கையில் இல்லாமல் கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று, எல்லாவற்றுக்கும் முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 60 ரூபாய்தான். ஜூனில் கூட்டம் தாங்காது, வி.ஏ.ஓ. கையெழுத்துக்கே வாரக்கணக்கில் ஆகும்.

நான் செங்கத்தில்தான் இருக்கிறேன். நீங்கள் விபத்துச் சான்றுகளுக்காக அந்த அம்மாவோடு போகிற நாளை இங்கே எழுதுங்கள், நானும் வருகிறேன். அந்தத் திட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். எந்தத் தாள் எங்கே கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.