ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு ஆல்-சீசன் டயர் போடலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். என் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் டயர் அளவு 195/45 ஆர்17. முன் டயர் இரண்டும் தேய்ந்து, பள்ளங்களின் ஆழம் 2 மி.மீ.க்கு வந்துவிட்டது. அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகனஸ்பர்க் போகிறேன். போன வாரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இறக்கத்தில், கொட்டும் மழையில், ஸ்டீயரிங் ஒரு கணம் காற்றில் சுழல்வதுபோல் ஆனது. இன்னும் பயம் போகவில்லை. எல்லாப் பருவத்துக்குமான ஆல்-சீசன் டயர் போட்டால் வளைவுகளில் இந்த வண்டியின் பிடிப்பு குறையுமா?

பதில் (ஃபீனிக்ஸ், டர்பன்):
கொஞ்சம் குறையும் தங்கச்சி. ஆல்-சீசனில் ரப்பர் மென்மை, அதனால் ஸ்டீயரிங்கில் அந்தக் கூர்மை இருக்காது. டர்பனுக்குள் மட்டும் என்றால் நல்ல சம்மர் டயரே போதும். அது 7 டிகிரிக்குக் கீழேதான் இறுகிப் பிடிப்பை இழக்க ஆரம்பிக்கும். ஆனால் நீங்கள் போகும் வழியில், ஹாரிஸ்மித் பக்கம், ஜூலைக் குளிரில் விடியற்காலையில் பூஜ்யத்துக்கும் கீழே போகுமே! எப்படியும் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். சட்டம் 1 மி.மீ. வரை விட்டாலும், மழையில் 3 மி.மீ.க்குக் கீழே நான் நம்ப மாட்டேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 மூடப்பட்டது நினைவிருக்கிறதா? அதன்பின் நான் ஆல்-சீசனுக்கு மாறினேன். மூன்று சிகரம், நடுவில் பனித்துகள் முத்திரை (பனியில் சோதித்துத் தேறியதன் அடையாளம்) உள்ளதையே வாங்கும்மா. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் இப்போது வண்டியில் இருக்கும் அதே வகையில் வாங்கிப் புதியதைப் பின்னால் போடச் சொல். பின்பக்கம் வழுக்கினால் வண்டியை மீட்பது கடினம். அப்புறம், டயர் ஓரத்துக் கடைசி நான்கு எண்களைப் பார். 1825 என்றால் 2025-இன் 18-ஆவது வாரம் செய்தது.

கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. நான்கும் ஆல்-சீசனே. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.