ஏழு மாசமாச்சு, டீம்ல இன்னும் "டெஸ்டிங் தம்பி"தான்... என்ன பண்றதுங்க?

சோமனூர்த்தறி:
ஏனுங்க, எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு சோமனூரு, ஊட்டுல தறி. பிஎஸ்சி முடிச்சு சரவணம்பட்டில ஒரு சின்ன கம்பெனில சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல சேர்ந்து 7 மாசம், ரெண்டு பஸ் மாறி போய்ட்டு நைட்டு எட்டுக்கு ஊட்டுக்கு வந்து அதுக்கும் பொறவு ஆன்லைன் கோர்ஸ் பாத்து 11 சர்டிபிகேட் வாங்கி லிங்க்ட்இன்ல போட்டாச்சு, என்ற மாமன் பையன் மட்டும் லைக் போடறான். மீட்டிங்ல வாயே தொறக்க வரல, அல்லாம் பெரிய காலேஜ் ஆளுங்க. கூட வேலை செய்யறவங்க மதிக்கணும்னா என்னதான் பண்றது? பெங்களூர் போயிரலாமான்னும் ரோசனை.

பொள்ளாச்சி_இளநி:
அங்க போனாலும் டெஸ்டிங் தம்பிதான் சாமி. கிட்ஹப்ல, அதான் கோடு போட்டு வெக்கற சைட்டுல, டெய்லி எதாச்சும் கமிட் (கோடுல செஞ்ச மாத்தத்தைப் பதியறது) போட்டு, போட்ட நாளுக்கு வர்ற பச்சைக் கட்டமா ரொப்பு, இன்டர்வியூல பாப்பாங்க.

நொய்யல்கரை_அக்கா:
நானும் இன்டர்வியூ எடுக்கறவதான், ஒருநாளும் கட்டத்தை எண்ணுனதில்லை :)

தம்பி, நான் திருப்பூர்ல ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எடத்துல சப்போர்ட்ல இருந்தேன். பனியன் கம்பெனிக்காரர் ஒருத்தர், லேபருக்கு அனுப்பற சம்பள மெசேஜுக்கு டபுள் காசு போகுதுன்னு ஒரே சத்தம். பாத்தா விசயம் இதுதான், இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்சுக்கு 160 எழுத்து, அதுல தமிழ் எழுத்து ஒண்ணே ஒண்ணு வந்தாலும் லிமிட்டு 70தான். அதுலயும் மெஷின் நம்மளாட்ட எண்ணாது. "கொங்கு" நமக்கு 3 எழுத்து, யூனிகோடுல, அதான் கம்ப்யூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்கற முறைல, 6. க, ொ, ங, புள்ளி, க, உகரக்குறி எல்லாம் தனித்தனி. கண்ணுக்கு 50 எழுத்தா தெரிஞ்ச மெசேஜ் 80க்கு மேல போய் ரெண்டு எஸ்எம்எஸ் ஆயிருச்சு. நான் கோடு ஒரு வரி தொடல. எந்த மெசேஜ், எத்தனை எண்ணிக்கை, ஸ்கிரீன்ல என்ன தப்பா காட்டுதுன்னு அரைப்பக்கம் எழுதி டிக்கெட்ல, அதான் குறையைப் பதியற எடத்துல, போட்டேன், அவ்ளோதான். அதுவரைக்கும் ஏறெடுத்துப் பாக்காத சீனியர் சேரை இழுத்துட்டு வந்து "அம்மணி, அந்த எழுத்துக் கணக்கை இன்னொருக்கா சொல்லு"ன்னாரு. அப்பறம் தமிழ்னு எது வந்தாலும் என்கிட்டத்தான் கேப்பாங்க.

"வேலை செய்யல"ன்னு டிக்கெட் போடாத. தறில நூல் அறுந்தா எந்த எடத்துலன்னு பாத்துத்தான முடிச்சு போடுவீங்க. ஓப்பன் சோர்ஸ் (கோடை எல்லாரும் பாத்துத் திருத்தற மாதிரி தொறந்து வெச்ச சாஃப்ட்வேர்) பக்கமும் போ, புதுசா வர்றவங்களுக்கு ஏத்த வேலைக்கு "குட் பர்ஸ்ட் இஷ்யூ"ன்னு லேபிள் போட்டு வெச்சிருப்பாங்க, ஆனா அது அப்பறம்.

சோமனூர்த்தறி:
அக்கா இன்னைக்கு எங்க ஆப்ல பாத்தனுங்க. பேருக்கு 12 எழுத்து லிமிட்டு, கிருஷ்ணமூர்த்தின்னு அடிச்சா "கிருஷ்ணமூர்த"ன்னு நிக்குது, எண்ணுனா எட்டே எழுத்து! ஸ்கிரீன்ஷாட்டோட எழுதி வெச்சிருக்கேன். பிரையாரிட்டி லோ போடறதா மீடியமாங்க?

நொய்யல்கரை_அக்கா:
மனுசன் பேரையே வெட்டுது, லோவாம். மீடியம் போடு கண்ணு.