சிறிய பிக்கப் வண்டிகள் ஏன் அரிதாயின?

கேள்வி: பெரிய திரையோ தோல் இருக்கையோ இல்லாமல், கைக்கு எட்டும் உயரத்தில் சரக்குத் தட்டு உள்ள மலிவான பிக்கப் வண்டியைப் பலர் விரும்பியும், அமெரிக்கச் சந்தையில் அது அரிதானது ஏன்?

பதில் 1: இறக்குமதியாகும் இலகு ரக டிரக்குகளுக்கு 1964 முதல் விதிக்கப்படும் 25 சதவீத வரி ஒரு காரணம். இதைவிட நுட்பமானது எரிபொருள் சிக்கன விதி: சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு கூடக்கூட வண்டி எட்ட வேண்டிய மைலேஜ் இலக்கு தளர்வதால், வண்டியைப் பெரிதாக்குவதே தயாரிப்பாளருக்கு எளிதாகிறது. (லாபமும் பெரிய வண்டியில்தான் அதிகம்.)

பதில் 2: ஆயினும் ஃபோர்டு மேவரிக் என்ற சிறிய பிக்கப், 2022 மாடலாக ஹைப்ரிட் எஞ்சினுடன் சுமார் 20,000 டாலர் தொடக்க விலையில் அறிமுகமானபோது, முன்பதிவையே நிறுத்திவைக்கும் அளவுக்கு வரவேற்பு இருந்தது.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் குறை வாங்குபவரிடம் இல்லை. நன்றி.