செலவைக் குறைக்கிறோம் என்று ரேஸையே கெடுத்துவிட்டார்களா? எஃப்1 பழைய ரசிகர்கள் வரவும்

லேட்பிரேக்கர் கேட்டது:

கொரோனா ஊரடங்கில் ஓடிடியில் பார்த்து எஃப்1 (ஃபார்முலா 1 கார் ரேஸ்) பைத்தியம் ஆனவன் நான். 2021-க்கு முன்னால் நடந்த எதையும் நேரலையில் பார்த்ததில்லை. ஒரு விஷயம் இன்னும் ஜீரணமாகவில்லை. 2022-ல் பெல்ஜியத்தின் ஸ்பா சர்க்யூட்டில் தகுதிச் சுற்றில் வேகமானவர் வெர்ஸ்டாப்பன். முதலிடத்தில் நின்று புறப்பட்டது சைன்ஸ். இன்ஜின் பாகங்களைக் கணக்குக்கு மேல் மாற்றிவிட்டார் என்று வெர்ஸ்டாப்பன் 14-வது இடம். லெக்லேர், நாரிஸ் என்று இன்னும் ஒரு கூட்டமே அவரோடு பின்னால் நின்றது. ஏன் என்று தேடினால், 'செலவைக் கட்டுப்படுத்த' என்கிறார்கள். இன்ஜின் தேய்ந்தால் ஓட்டுகிறவருக்கு எதற்குத் தண்டனை?

எங்கள் ஆபீஸில் ஒரு சீனியர் இருக்கிறார். வி10 (பழைய பத்து சிலிண்டர் இன்ஜின்) போன அன்றைக்கே எஃப்1 செத்துப்போச்சு என்று டீ குடிக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். இன்ஜின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு, டெஸ்டிங் தடை (ரேஸ் இல்லாத நாளில் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கத் தடை), பட்ஜெட் கேப் (அணியின் செலவுக்கு உச்சவரம்பு), இதில் எது நிஜமாகவே செலவைக் குறைத்தது, எது சும்மா பேச்சு? பழைய ஆட்கள் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

மஞ்சள்ஜோர்டான் எழுதியது:

தம்பி, நான் கோயம்புத்தூர். 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் ஏறியதிலிருந்து ஒரு சீசன் விடாமல் பார்க்கிறேன். அதனால் என் பார்வை பின்வரிசை அணிகளின் பார்வை. பெராரி ரசிகர் வேறு மாதிரி சொல்வார்.

அந்த 2005-ல், எஃப்1 விதிகளைப் போடும் அமைப்பான எஃப்.ஐ.ஏ. வேகத்தையும் செலவையும் சேர்த்துக் குறைக்கப் பார்த்தது. ஒரே இன்ஜின் இரண்டு ரேஸ் வாரத்துக்கு ஓட வேண்டும். தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது. நியூர்பர்க்ரிங்கில் ராய்க்கோனன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிரேக் பூட்டிக்கொண்டதில் முன் டயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது. காரில் இருந்த கேமராவில் பார்த்தால் சக்கரம் உதறுவது அப்படியே தெரியும். மாற்ற மனமில்லாமல் ஓட்டினார்கள். கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் ஒடிந்து போனது, அலோன்சோ ஜெயித்தார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து இண்டியானாபொலிஸ். சாய்வான 13-வது வளைவின் பாரத்தை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அடிப்படைக் கோளாறு டயரில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை புது டயர் போட்டு ஓட்டித் தொலைக்கலாம் என்ற வழியை அந்த விதி அடைத்துவிட்டது. ரேஸுக்கு முந்தைய ஃபார்மேஷன் லேப் முடிந்து, அந்த டயர் போட்ட 14 கார்கள் நேராக பிட்டுக்குள் (அணிகள் காரை நிறுத்தும் இடம்) போய்விட்டன. ஆறு கார்களோடு ரேஸ். அமெரிக்க ரசிகர்கள் பாட்டிலையும் கேனையும் ட்ராக்கில் எறிந்தார்கள். அதே ரேஸில் நரேன் நாலாவது இடம், ஐந்து பாயின்ட். எங்கள் தெருவில் பட்டாசு! அங்கே காசு கொடுத்து வந்தவன் கத்திக்கொண்டிருக்கிறான், இங்கே நாங்கள் ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2006-ல் டயர் மாற்றுவது திரும்ப வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய கூத்து 2009. பொருளாதாரம் விழுந்து ஹோண்டா வெளியே போயிருந்த நேரம். எஃப்.ஐ.ஏ. தலைவர் மேக்ஸ் மோஸ்லி முதலில் 3 கோடி பவுண்டு, அப்புறம் 4 கோடி பவுண்டு, ஓர் அணியின் வருஷச் செலவுக்கு உச்சவரம்பு என்று அறிவித்தார். பெரிய அணிகள் கூட்டணி சேர்ந்து தனிப் போட்டியே நடத்துவோம் என்று மிரட்டின. ஜூன் மாதமே சமரசம் ஆகி உச்சவரம்பு போயே போச்சு. ஆனால் அந்தக் கணக்கை நம்பிப் புது அணிகள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தன. அதில் ஒன்றுதான் கை மாறி எச்.ஆர்.டி. ஆனது.

2010 பஹ்ரைனில் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் அந்தக் காரில் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கினார். அவருடைய கார் முதன்முதலாக உருண்டதே சனிக்கிழமை தகுதிச் சுற்றில்தான். வெள்ளிக்கிழமை முழுக்க மெக்கானிக்குகள் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். கார் நேரத்துக்கு வரவில்லை, வந்திருந்தாலும் சீசன் நடுவில் டெஸ்ட் செய்ய விதி இல்லை. ரேஸில் இரண்டாவது சுற்றிலேயே அவர் கதை முடிந்தது. மறு வருஷம் நரேன் அந்த அணிக்குப் போனார், மெல்போர்ன் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் வேகமானவர் எடுத்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராததால் ரேஸில் நிற்கவே விடவில்லை. 2012-ல் அதே மெல்போர்னில் அதே கதை. மூன்று வருஷம், பூஜ்யம் பாயின்ட், கடை அடைப்பு. தமிழ்நாட்டிலிருந்து எஃப்1 போன இரண்டு பேருக்குமே கிடைத்தது, யாரோ கொடுத்துவிட்டு வாபஸ் வாங்கிய வாக்குறுதியில் பிறந்த கார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

டெஸ்டிங் தடைக்கு இன்னொரு பலி லூகா படோயர். வருஷக்கணக்கில் பெராரியின் டெஸ்ட் டிரைவர். 2009-ல் பெராரி டிரைவர் மாஸா அடிபட்டபோது அவரை உட்காரவைத்தார்கள். ஆனால் அந்த வருஷம்தான் சீசன் நடுவில் டெஸ்டிங் கிடையாது என்று ஆகிவிட்டது. புதுக் காரைப் பழகாமலே நேராக வலென்சியா, அப்புறம் ஸ்பா. இரண்டிலும் கடைசி. டெஸ்டிங்குக்கென்றே இருந்த மனிதரை டெஸ்டிங் இல்லாமல் இறக்கிவிட்டுச் சிரித்தார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொருளை எண்ணுகிற விதி எதுவும் காசைக் குறைக்கவில்லை. காய்கறிச் செலவைக் குறைத்துவிட்டு ஓட்டலில் போய்ச் சாப்பிடுகிற கதைதான். ட்ராக்கில் ஓட்டாதே என்றால் சிமுலேட்டர், விண்ட் டனல் (காற்றுச் சோதனைக் கூடம்), கம்ப்யூட்டர் என்று கொட்டினார்கள். இன்ஜின் ரொம்ப நாள் உழைக்கணும் என்றால், அதை உழைக்கவைக்க ஃபேக்டரியில் டைனோ என்ற சோதனை மேடையில் வைத்து இரவு பகலாக ஓட்டினார்கள். பணக்கார அணிக்கு எல்லாக் கதவும் கதவுதான்.

செப்பாங்மேடு எழுதியது:

கோயம்புத்தூர் அண்ணா சொன்னதோடு மலேசியாக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் லோட்டஸ் அணி உள்ளே வந்தது 2009 செப்டம்பரில், உச்சவரம்பு செத்த பிறகு. எல்லாரும் சேர்ந்து செலவைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சை நம்பித்தான் டோனி ஃபெர்னாண்டஸ் இறங்கினார். பெயர் மாறி கேட்டர்ஹாம் ஆகி, ஐந்து சீசனில் ஒரு பாயின்ட்கூட இல்லை. 2014-ல் அவர் விற்றுவிட்டார், அக்டோபரில் அணி திவால். அமெரிக்கா, பிரேசில் இரண்டுக்கும் போகவில்லை. கடைசியில் இணையத்தில் ரசிகர்களிடம் வசூல் செய்து அபுதாபியில் ஓடினார்கள். எஃப்1 அணிக்கு ரசிகன் மொய் எழுதிய காலம் அது! நானும் கொஞ்சம் போட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் தெரியாது.

சத்தம் பற்றிக் கேட்டால், உங்கள் ஆபீஸ் சீனியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2005-ல் மலேசியாவின் செப்பாங் சர்க்யூட் புல்மேட்டில் உட்கார்ந்து வி10 கேட்டவன் நான். காதில் பஞ்சு வைத்திருந்தாலும் நெஞ்சுக்கூடு அதிரும். கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். மின்சாரமும் சேர்ந்த ஹைப்ரிட் இன்ஜின் வந்த 2014-ல் அதே மேட்டில் பஞ்சு இல்லாமல் உட்கார்ந்து பக்கத்து ஆளோடு கதை பேசினேன். டயர் கிறீச்சிடுவது கேட்டது, ஒலிபெருக்கி வர்ணனையும் கேட்டது. அழகான டெக்னாலஜிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஹைப்ரிட் இன்ஜின் மலிவாகவும் இல்லை. சின்ன அணிகள் பில் கட்ட முடியாமல் திணறியது அந்த வருஷம்தான்.

2016-ல் செப்பாங் மெயின் கிராண்ட்ஸ்டாண்டில் இருந்தேன். மெர்சிடிஸின் ஹாமில்டன் முதலிடத்தில் போகும்போது நேர்ப்பாதை முடிவில் பின்னால் நெருப்பு வந்தது. ஸ்டாண்டே எழுந்து நின்றது, யாருக்கும் பேச்சு வரவில்லை. அந்த வருஷப் பட்டம் ஐந்து பாயின்டில் அதே அணியின் ரோஸ்பெர்க்குக்குப் போனது. அடுத்த வருஷத்தோடு செப்பாங்கும் காலண்டரிலிருந்து போய்விட்டது. நடத்தும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அரசாங்கம் சொன்னது. அணிகளின் செலவுக்கு இத்தனை விதி போடுகிறார்களே, சர்க்யூட்டுகள் கட்டுகிற கட்டணத்துக்கு யாராவது உச்சவரம்பு போட்டார்களா?

வவுச்சர்வரதன் எழுதியது:

ஆடிட் வேலையில் இருப்பவன், அதனால் 2021 பட்ஜெட் கேப் எனக்குத் தீனி. இதுவரை வந்ததில் உருப்படியான விதி இது ஒன்றுதான், காரணம் இது காசையே எண்ணுகிறது. முதலில் 17.5 கோடி டாலர் என்று பேசினார்கள், கொரோனா வந்ததும் 14.5 கோடி ஆக்கினார்கள். அடுத்த வருஷம் 14, அதற்கடுத்து 13.5, விலைவாசிக்கும் ரேஸ் எண்ணிக்கைக்கும் தகுந்தாற்போல் கூட்டல் தனி. டிரைவர் சம்பளம், அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பேர், மார்க்கெட்டிங், இன்ஜின் எல்லாம் இதற்கு வெளியே.

கணக்கு என்று வந்துவிட்டால் எங்கள் தொழில் வேடிக்கைகளும் வந்துவிடும். 2021-க்கு ரெட் புல் 18.64 லட்சம் பவுண்டு தாண்டியது, அதாவது 1.6 சதவீதம். தகராறு எதில் தெரியுமா? கேன்டீன் சாப்பாட்டுச் செலவு, உடம்பு சரியில்லாதவர்களின் சம்பளம், பயன்படுத்தாத உதிரிபாகம். வரிச் சலுகையைச் சரியாக எழுதியிருந்தால் மிச்சம் 0.37 சதவீதம்தான் என்று எஃப்.ஐ.ஏ.வே ஒப்புக்கொண்டது. தண்டனை 70 லட்சம் டாலர், விண்ட் டனல் நேரத்தில் 10 சதவீத வெட்டு. அதே 2021-ல்தான் அபுதாபி கடைசிச் சுற்றில் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் மெர்சிடிஸின் ஹாமில்டனை முந்திப் பட்டம் வாங்கினார், அதனால் மெர்சிடிஸ் ரசிகர்கள் கொதித்தது நியாயம்தான். என்னைக் கேட்டால் அபராதம் போதாது. 2023-ல் 22 ரேஸில் 21-ஐ ரெட் புல் ஜெயித்தது. தண்டனை வலித்த மாதிரியா இருக்கிறது?

ஆனாலும் மெக்லாரனைப் பாருங்கள். 2023 முதல் ரேஸில் ஒரு கார் நின்றுபோனது, இன்னொன்று 17-வது. 2024-ல் அணிகளுக்கான பட்டம், 1998-க்குப் பிறகு முதல் தடவை. அதுவும் மெர்சிடிஸிடம் வாங்கிய இன்ஜினில், மெர்சிடிஸையே தோற்கடித்து. அந்த வருஷம் ஏழு பேர் ரேஸ் ஜெயித்தார்கள். உச்சவரம்பு இல்லாத காலத்தில் மெர்சிடிஸோ பெராரியோ இன்னொரு பத்துக் கோடியை இறைத்து அந்த இடைவெளியை அடைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு குறை. மிச்சமான பணம் ரசிகனுக்கு வரவில்லை. 2020-ல் வில்லியம்ஸ் மொத்த அணியே 15.2 கோடி யூரோவுக்குக் கை மாறியது. இன்றைக்கு எந்த அணிக்கும் விலை நூறு கோடி டாலர்களில் பேசுகிறார்கள். செலவுக்குக் கூரை, வருமானத்துக்கு வானம். டிக்கெட் விலை மட்டும் எந்த ஊரிலாவது இறங்கியிருக்கிறதா?

லேட்பிரேக்கர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வரதன் சார், 2026-க்கு உச்சவரம்பு 21.5 கோடி டாலர் என்று போட்டிருக்கிறார்களே, ஏற்றிவிட்டார்களா? அப்புறம் ஜோர்டான் அண்ணே, டிரைவருக்கு ஏன் தண்டனை என்பதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை.

வவுச்சர்வரதன் எழுதியது:

முழுசாக ஏற்றம் இல்லை. விலைவாசியும் உண்டு, முன்பு வெளியே வைத்திருந்த சில செலவுகளை உள்ளே கொண்டுவந்ததும் உண்டு. இன்ஜின் தயாரிப்பாளர்களுக்குத் தனி உச்சவரம்பு, 9.5 கோடியிலிருந்து 13 கோடி. வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் அந்த எம்.ஜி.யூ-எச் என்ற விலை கூடின சாமானைத் தூக்கிவிட்டார்கள். ஆடி (Audi) கார் கம்பெனி உள்ளே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மஞ்சள்ஜோர்டான் எழுதியது:

காசு அபராதம் பணக்கார அணிக்கு உறைக்காது, கிரிட்டில், அதாவது புறப்படும் வரிசையில், இடம் போனால்தான் உறைக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் யாருக்கு உறைத்தது? 2015 ஸ்பாவில் மெக்லாரன்-ஹோண்டா இரண்டு காருக்கும் சேர்த்து 105 இடம் பின்னால் போகச் சொன்னார்கள். நின்றதே 20 கார். ஏற்கெனவே மெதுவான காருக்கு அது வெந்த புண்ணில் வேல். வேகமான காருக்கு அதே தண்டனை ஒரு வியூகம். 2021 பிரேசிலில் ஹாமில்டனுக்கு வேண்டுமென்றே புது இன்ஜின் போட்டு ஐந்து இடம் விட்டுக்கொடுத்தார்கள், பத்தாவதிலிருந்து வந்து ஜெயித்தார். நீங்கள் சொன்ன 2022 ஸ்பாவிலும் 14-வதிலிருந்து வந்து ஜெயித்தது வெர்ஸ்டாப்பன்தானே? இப்போதுதான் காசுக்கே நேரடியாக உச்சவரம்பு வந்துவிட்டதே, கிரிட் பெனால்டியைத் தூக்கிவிட்டு, 'இத்தனை இன்ஜின் போட்டுக்கொள், பில் உன் உச்சவரம்புக்குள் வரட்டும்' என்று விடலாம். எட்டாவது இன்ஜின் வேண்டுமென்றால் காரின் அடுத்த அப்டேட்டை விட்டுக்கொடுக்கட்டும்.

செப்பாங்மேடு எழுதியது:

அதோடு வி10-ஐயும் திரும்பக் கொடுத்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எஃப்.ஐ.ஏ. தலைவரே 2025-ல் அதைப் பற்றிப் பேசினார். பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன்.