'மெட்ராஸ் போலீஸ்' வில்லை: கிரீடம் ஒன்று போதுமா?

பழம்பித்தளை:
பித்தளை பெல்ட் வில்லை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நடுவில் கிரீடம், சுற்றிலும் ஆங்கில எழுத்தில் 'மெட்ராஸ் போலீஸ்'. கிரீடத்தின் மேல்வளைவு நடுவில் குழிந்து இறங்குகிறது. விற்பவர் விக்டோரியா காலம் என்கிறார், 12,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

கோட்டைவாசல்:
வேண்டாம். குழிந்த கிரீடம் எலிசபெத் ராணி 1952இல் பட்டத்துக்கு வந்த பிறகு பிரிட்டிஷ் பேட்ஜ்களில் ஏறியது. அதற்கு முன், 1901இல் ஏழாம் எட்வர்ட் தொடங்கி ஆறாம் ஜார்ஜ் வரை, வளைவு உருண்டு நிற்கும் டியூடர் கிரீடம்தான். இந்தியாவோ 1950 ஜனவரி 26இல் குடியரசு ஆகிவிட்டது. அசோகச் சிங்கம் வந்த நாட்டில் எலிசபெத் கிரீடத்தோடு மெட்ராஸ் போலீஸ் எப்படி வரும்? லண்டன் பேட்ஜைப் பார்த்து யாரோ வார்த்தது.

நாணயப்பித்தன்:
சார், 1901க்கு முன்னால் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டீர்களே. விக்டோரியா காலத்தில் கிரீடத்துக்கு ஒரே வடிவம் கிடையாது; செய்பவர் கைக்கு ஏற்றபடி குழிந்ததும் உண்டு. எட்வர்ட் வந்துதான் ஒன்றாக்கினார். மெட்ராஸ் போலீஸ் சட்டம் 1859. அங்கிருந்து 1901 வரை குழிந்த கிரீடத்துக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

கோட்டைவாசல்:
அந்த இடம் போலி செய்பவனுக்கும் தெரியும். விக்டோரியா என்றால் விலை இரட்டிப்பு. அதனால்தான் எல்லாக் குழிந்த கிரீடமும் திடீரென்று விக்டோரியா ஆகிவிடுகிறது.

நாணயப்பித்தன்:
சரி, கிரீடத்தை விடுங்கள், வில்லையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தகட்டை அச்சில் அடித்திருந்தால் முன்னால் புடைத்த இடமெல்லாம் பின்னால் குழியாக இருக்கும். வார்த்தது என்றால் பின்பக்கம் சமதளம், மணல் பொரிப்பொரியாகத் தெரியும்.

கோட்டைவாசல்:
வார்த்தது என்றால் போலி. அவ்வளவுதான்.

திருச்சிக்காரன்:
இரண்டு பேருமே அவசரப்படுகிறீர்கள். கனமான பெல்ட் வில்லைகளை இங்கேயே கன்னார்கள் வார்த்துக் கொடுத்ததும் உண்டு. வார்ப்பு மட்டும் குற்றம் இல்லை. அசலில் எழுத்தின் ஓரத்தை உளி வைத்துச் சீர் செய்திருப்பார்கள், விரல் நகத்தில் தட்டும். அசலை அச்செடுத்து மறுபடி வார்த்தால் எழுத்து மொழுக்கென்று ஆகிவிடும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் ஒரு நூல் குறையும். உறுதியான அசல் ஒன்றின் பக்கத்தில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

பழம்பித்தளை:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கம் சமதளம், இரண்டு கொக்கி. 'போலீஸ்' என்ற சொல்லில் 'ஓ' எழுத்தின் நடு ஓட்டை பாதி அடைந்திருக்கிறது. பள்ளங்களில் மட்டும் வெள்ளைப் பூச்சு மிச்சம், லேசாக நீலம் அடிக்கிறது.

நாணயப்பித்தன்:
நீலம் அடித்தால் குரோமியம். அது 1920களில்தான் கடைப் பொருள்களுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டு முலாம் என்றால் நிக்கல், அதில் கொஞ்சம் மஞ்சள் வெதுவெதுப்பு இருக்கும்.

கோட்டைவாசல்:
ஆக நான் சொன்னதுதான்.

நாணயப்பித்தன்:
இல்லை சார். தாத்தாவின் வில்லையை ஷோகேசில் வைக்கப் பேரன் கடையில் கொடுத்து முலாம் பூசுவதும் நடக்கிறது. முலாம் வில்லையின் வயதைச் சொல்லாது, முலாமின் வயதைத்தான் சொல்லும். அடைந்த ஓட்டைதான் எனக்கு உறுத்துகிறது.

திருச்சிக்காரன்:
எனக்கும். பழம்பித்தளை, அகலமும் எடையும் கேட்டு வாங்குங்கள். வாங்கினாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், படிந்த கறுப்புதான் பாதிச் சாட்சி.

கோட்டைவாசல்:
சந்தேகச் சரக்குக்கு நான் பழைய பித்தளை விலைதான் கொடுப்பேன்.

நாணயப்பித்தன்:
அந்த விலைக்கு அசல் விக்டோரியா வில்லையை எவனும் தரமாட்டான். அளவு வரட்டும், அப்புறம் பேசலாம்.

பழம்பித்தளை:
கேட்டேன். "எடைக்கு விற்க இது என்ன பாத்திரமா?" என்கிறார். அகலம் மட்டும் நாளைக்கு அளந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.